91, 84, 95: எங்கள் பள்ளி ஏறுகிறதா, இறங்குகிறதா?

கேள்வி: 9 ஜூன் 2024, மாலை 6:40

கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்பில் எங்கள் தேர்ச்சி 2022இல் 91 சதவீதம், 2023இல் 84, இந்த வருஷம் 95. போன வருஷம் ரிசல்ட் மீட்டிங்கில் எழுந்து நிற்க வைத்துக் காரணம் கேட்டார்கள். இந்த வருஷம் அதே ஹாலில் சால்வை. மூன்று வருஷமும் நான் நடத்தியது ஒரே விதமாகத்தான், நோட்ஸ்கூட மாற்றவில்லை. தலை எண்ணிக்கை இது: 22இல் 20, 25இல் 21, 19இல் 18. மல்டிலெவல் மாடல் என்று ஒன்று போட்டால் பள்ளி உண்மையில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும் என்கிறான் தம்பி. தெரியுமா?

9 ஜூன், இரவு 10:15

தெரியாது. மல்டிலெவல் மாடல் என்பது பிள்ளைக்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தையும் பள்ளிக்கும் பள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் கணக்கு. உங்கள் ஒரு பள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மாடல் போட்டாலும் தெரியாது.

22 பேரில் ஒரு பிள்ளை என்பது நாலரை சதவீதம். அந்த ஒரு பிள்ளைக்குக் கணக்குப் பரீட்சை அன்று காய்ச்சல் வந்தால் பள்ளியே 'சரிந்துவிடும்'. மூன்று வருஷமும் சேர்த்து 66 பேரில் 59 பேர் தேறியிருக்கிறார்கள், 89 சதவீதம். எதுவுமே மாறவில்லை, எந்தப் பிள்ளைக்கும் தேறும் வாய்ப்பு அதே 89தான் என்று வைத்துக்கொண்டாலும், 22 பேர் வகுப்பின் சதவீதம் வருஷத்துக்கு வருஷம் 6, 7 புள்ளி மேலும் கீழும் ஆடும். காரணமே இல்லாமல் ஆடும். உங்கள் 84ம் 95ம் அந்த ஆட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இதே மூன்று வருஷத்தில் மாநிலத் தேர்ச்சி 90.07, 91.39, 91.55. ஏறத்தாழ 9 லட்சம் பேர் எழுதுகிற இடத்தில் அவ்வளவுதான் அசைவு. அலை ஒன்றுதான், ஆடுவது கட்டுமரம், கப்பல் இல்லை.

சால்வையைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். போன வருஷம் நின்றதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

9 ஜூன், இரவு 11:50

படுத்துவிட்டு எழுந்து எழுதுகிறேன். ஆட்டத்தை மட்டும் சொல்லி நிறுத்தியது தப்பு. அதைவிடப் பெரிய விஷயம், இந்த மூன்று எண்ணும் மூன்று வேறு கூட்டம். 2022இல் எழுதியவர்கள் எட்டாம் வகுப்பு முடிக்கும்போது கொரோனாவால் பள்ளியைப் பூட்டினார்கள். 2024இல் எழுதியவர்கள் அப்போது ஆறாவது. 91இலிருந்து 95க்குப் 'போனது' யார்? யாருமே போகவில்லை. ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வந்திருக்கிறது.

ஆக, கேள்வி இரண்டு. பள்ளி மாறுகிறதா என்பது ஒன்று. பிள்ளை வளர்கிறாளா என்பது இன்னொன்று. ரிசல்ட் மீட்டிங்கில் முதல் கேள்விக்கான எண்ணைக் காட்டி இரண்டாம் கேள்விக்குப் பதில் கேட்கிறார்கள்.

2020, 2021 இரண்டு வருஷமும் பத்தாம் வகுப்பில் அனைவரும் தேர்ச்சி. தேர்ச்சிச் சதவீதத்தை மட்டும் நம்பினால் தமிழ்நாட்டுப் பள்ளிகள் உச்சத்தில் இருந்தது பூட்டிக் கிடந்தபோதுதான்.

10 ஜூன், காலை 7:05

ஒரு சொல் தகராறு, முதலிலேயே தீர்த்துவிடலாம். பாடப்புத்தகத் தமிழில் மாடலும் 'மாதிரி', சாம்பிளும் 'மாதிரி'. 'மாதிரியை வைத்து மாதிரியைச் சரிபார்த்தோம்' என்று எழுதினால் எனக்கே புரிவதில்லை. ஆகவே மாடல் மாடலாகவே இருக்கட்டும். லெவலுக்கு 'அடுக்கு' போதும், டிபன் கேரியர் அடுக்கு.

10 ஜூன், மதியம் 1:20

டிபன் கேரியரை வாபஸ் வாங்குகிறேன். டிபன் கேரியரில் ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் உட்காரும். இங்கே ஒன்று இன்னொன்றுக்குள் இருக்கிறது: பிள்ளைகள் பள்ளிக்குள். பானைக்குள் சோறு என்பதுதான் சரி.

சோறு என்றதும் ஞாபகம் வருகிறது. 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.' மல்டிலெவல் மாடலின் முதல் பாடமே அதுதான். ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் பானை முழுக்கத் தெரியும் என்பது எப்போது உண்மை? ஒரே பானைப் பருக்கைகள் எல்லாம் ஒன்றுபோல வெந்திருந்தால். எவ்வளவு தூரம் ஒன்றுபோல என்பதற்கு 0 முதல் 1 வரை ஓர் எண் இருக்கிறது. பழமொழி அதை 1 என்று எடுத்துக்கொள்கிறது. அரிசிக்குச் சரி. வகுப்பறைக்கு?

லண்டன் தரவு ஒன்று இந்தத் துறையில் எல்லோரும் கைப்பழக்கத்துக்கு ஓட்டிப் பார்ப்பது. உள் லண்டனில் 65 பள்ளி, 4,059 மாணவர்கள். 11 வயதில் வாசிப்புத் தேர்வு, 16 வயதில் பொதுத் தேர்வு. 16 வயது மதிப்பெண்ணில் இருக்கும் மொத்தச் சிதறலில் பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையிலானது 0.169, ஒரே பள்ளிக்குள் பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடையிலானது 0.848. முதலாவதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், ஒரே பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு ஒன்றுபோல என்று சொல்லும் அந்த எண், பானை எண் என்று வைத்துக்கொள்வோம், சுமார் 0.17. ஒரே பள்ளிக்குள் நன்றாக வெந்ததும் இருக்கிறது, அரைவேக்காடும் இருக்கிறது, அரிசியாகவே கிடப்பதும் இருக்கிறது.

இதில் என்னை உலுக்கியது அடுத்த படி. 11 வயதில் என்ன மதிப்பெண்ணோடு உள்ளே வந்தார்கள் என்பதையும் மாடலில் சேர்த்தால் பள்ளிப் பங்கு 0.169இலிருந்து 0.092 ஆகிவிடுகிறது. பள்ளிகளுக்கு இடையே தெரிந்த வித்தியாசத்தில் கிட்டத்தட்டப் பாதி, கேட்டுக்குள் நுழையும்போதே பிள்ளைகள் கொண்டுவந்தது. பள்ளி செய்தது இல்லை. நம்மூரில் நுழைவுத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுத்துவிட்டு 'நூறு சதவீதம்' என்று பேனர் கட்டுகிறவர்களை இதற்குப் பிறகு ஒரு சிரிப்போடுதான் பார்க்க முடிகிறது.

11 ஜூன், மாலை 5:30

இயற்பியல் பி.ஜி. சார் ஒருவர் தனியாக எழுதிக் கேட்கிறார்: 'ஒரே பள்ளியில் 500 பேரைச் சோதித்தால் போதாதா? எண்ணிக்கை இருக்கிறதே?'

சார், பானை எண் 0.17 என்றால், மாநிலச் சராசரியைக் கணிக்க ஒரே பள்ளியில் எத்தனை பேரைச் சோதித்தாலும் அது 6 பள்ளிகளில் ஆளுக்கொரு பிள்ளையைச் சோதித்ததற்கு மேல் பெறாது. 500 ஆனாலும் சரி, 5,000 ஆனாலும் சரி. ஒன்றை 0.17ஆல் வகுத்துப் பாருங்கள், வந்துவிடும். இதை மறந்து 'என்னிடம் 500 பேர்' என்று கணக்குப் போட்டால், பிழை வரம்பு பொய்யாகச் சின்னதாகத் தெரியும். இல்லாததெல்லாம் இருப்பதாகத் தெரியும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1976இல் நெவில் பென்னட் என்ற ஆங்கிலேயர், பழைய பாணியில் கண்டிப்பாக நடத்தும் வகுப்புகளில் ஒரு வருஷத்தில் பிள்ளைகள் அதிகம் முன்னேறுகிறார்கள் என்று வெளியிட்டார். நாடே பேசியது. 1981இல் புள்ளியியலாளர் எய்ட்கினும் அவரோடு இருந்தவர்களும் அதே தரவை எடுத்து, பிள்ளைகள் வகுப்புக்குள் இருக்கிறார்கள் என்பதைக் கணக்கில் கொண்டு திரும்பப் போட்டார்கள். பாணிகளுக்கு இடையே காட்டப்பட்ட திடமான வித்தியாசம் நிற்கவில்லை. ஆசிரியர்கள் கொஞ்சம் பேர், பிள்ளைகள் நிறையப் பேர். எண்ண வேண்டியது ஆசிரியர்களை, எண்ணியது பிள்ளைகளை.

11 ஜூன், இரவு 9:00

தெளிவுபடுத்த ஒரு வரி: '6க்கு மேல் பெறாது' என்பது மாநிலச் சராசரிக்கு. அந்த ஒரு பள்ளியைப் பற்றி அறிய 500 பேர் 500 பேர்தான். சார் மறுபடி எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

13 ஜூன், இரவு 10:40

டீச்சர், உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன்: பிள்ளை வளர்கிறாளா. இதற்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் உதவவே உதவாது, பிள்ளை அதை ஒருமுறைதான் எழுதுகிறாள். ஒரு புள்ளியை வைத்துக் கோடு போட முடியாது. ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்ப அளந்திருக்க வேண்டும். அப்போது அடுக்கு இப்படி அமையும்: தேர்வுகள் பிள்ளைக்குள், பிள்ளைகள் பள்ளிக்குள். கீழ் அடுக்கில் இருப்பது பிள்ளை இல்லை, தேர்வு நாள். இது பிடிபட எனக்கு ஒரு மாதம் ஆனது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு. எங்கே தொடங்குகிறது, எவ்வளவு சாய்வாக ஏறுகிறது. பள்ளிக்கும் அப்படி ஒரு சராசரிக் கோடு.

இதை நான் எப்படிக் கெடுத்தேன் என்று சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஓர் அமைப்புக்காகக் கொஞ்சம் பள்ளிகளின் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு மதிப்பெண்களை வாங்கி வளர்ச்சிக் கோடு போட்டேன். எல்லாப் பள்ளியிலும் ஒரே உருவம்: செப்டம்பரில் சுமார், டிசம்பரில் பள்ளம், ஏப்ரலில் ஏற்றம். நான் குஷியாகிவிட்டேன். 'வடகிழக்குப் பருவமழை விடுமுறைகளால் கற்றல் சரிவு' என்று தலைப்பு வைத்து, மழை அளவு வரைபடம்கூட ஒட்டி, 12 பக்கம் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்த ஒரு வயதான ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: 'தம்பி, அரையாண்டுப் பேப்பரைக் கொஞ்சம் இறுக்கித்தான் திருத்துவோம். பொங்கலுக்கு அப்புறம் பசங்க உட்கார்ந்து படிக்கணும்ல. முழு ஆண்டுல விட்டுப் பிடிப்போம்.'

மழைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் அளந்தது பிள்ளையின் வளர்ச்சியை இல்லை, ஆசிரியரின் சிவப்புப் பேனாவை. உயரம் அளக்கும் டேப் ஒவ்வொரு முறையும் வேறு நீளத்துக்கு இழுபட்டால், பிள்ளை வளர்ந்தாள் குறைந்தாள் என்று எப்படிச் சொல்வது?

14 ஜூன், காலை 6:50

மேலே சொன்னதோடு சேர்த்து: பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 1200ஆக இருந்து 2019 மார்ச் தேர்விலிருந்து 600 ஆனது. 1200ஐ இரண்டால் வகுத்து ஒட்டி ஒரே கோடாக வரைந்த படங்களைப் பார்த்திருக்கிறேன். வினாத்தாள் அமைப்பே மாறியது. டேப்பை மாற்றிவிட்டுக் கோட்டைத் தொடரக் கூடாது.

14 ஜூன், காலை 7:10

டீச்சரின் தம்பி கேட்டாராம், 'இரண்டு தேர்வு இருந்தால் போதுமா?' கழித்துப் பார்க்கப் போதும். ஆளுக்கொரு சாய்வு என்று மாடலில் போடப் போதாது. இரண்டு புள்ளி வழியாக எப்போதும் ஒரு நேர்கோடு அப்பழுக்கில்லாமல் போகும். பிழைக்கு இடமே இருக்காது. எது உண்மையான வளர்ச்சி, எது அன்றைய தலைவலி என்று பிரிக்க மூன்றாவது புள்ளி வேண்டும். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில், இந்த மாடல்களுக்கான எல்எம்இ4 (lme4) தொகுப்பை வைத்து முயன்றால் ஓட்டவே மாட்டேன் என்று பிழைச் செய்தி கொடுத்து நின்றுவிடும். மரியாதையான மென்பொருள்.

16 ஜூன், மதியம்

ஞாயிறு. பழைய கோப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இன்னொரு பாவம் நினைவுக்கு வந்தது.

எட்டாவது, ஒன்பதாவது இரண்டு வருஷ மதிப்பெண்களை இணைக்க வேண்டியிருந்தது. பள்ளி, பிரிவு, வரிசை எண் மூன்றையும் வைத்து இணைத்தேன். எக்செல் சத்தமில்லாமல் இணைத்தது. முடிவு அதிரடி: 14ஆம் எண் பிள்ளை 31இலிருந்து 88க்குப் போயிருந்தது, 15ஆம் எண் 90இலிருந்து 40க்கு. போன வருஷ மதிப்பெண்ணுக்கும் இந்த வருஷ மதிப்பெண்ணுக்கும் தொடர்பு கிட்டத்தட்டப் பூஜ்ஜியம். 'கற்றலில் அபூர்வமான ஏற்ற இறக்கம்' என்று எழுதத் தயாராகிவிட்டேன். பிறகுதான் உறைத்தது: வரிசை எண்ணை ஜூன் மாதம் புதிதாகப் போடுவார்கள். புதுச் சேர்க்கை, டி.சி. வாங்கிப் போனவர்கள், சில பள்ளியில் பையன்கள் முதலில், சிலதில் பெண்கள் முதலில். போன வருஷ 14ம் இந்த வருஷ 14ம் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.

ஒரு பிள்ளையின் அடுத்தடுத்த வருஷ மதிப்பெண்கள் ஒன்றோடொன்று ஒட்டியே இருக்கும். ஒட்டவில்லை என்றால் கல்வியியல் கண்டுபிடிப்பு என்று குதிக்காமல் எந்த எண்ணை வைத்து இணைத்தீர்களோ அந்த நெடுவரிசையைப் போய்ப் பாருங்கள்.

17 ஜூன், இரவு

'இடையில் நின்ற பிள்ளைகளை, தேர்வுக்கு வராதவர்களை என்ன செய்வது? நீக்கிவிடலாமா?' டீச்சர் கேட்டது.

நீக்க வேண்டாம். இந்த மாடலின் பெரிய வசதியே அதுதான். ஒரு பிள்ளைக்கு ஆறு தேர்வும் இருக்க வேண்டும் என்று அது அடம்பிடிக்காது. பழைய முறையில் ஒரு தேர்வு விட்டுப்போனால் பிள்ளையையே தூக்கிவிடுவார்கள். இங்கே இருப்பதை வைத்துக் கோடு போட்டுக்கொள்ளும். லண்டனில் 1982இல் தொடங்கி 1989 வரை, குழந்தைப் பள்ளியிலிருந்து தொடக்கப் பள்ளி முடியும் வரை, 407 பிள்ளைகளின் வாசிப்பைத் தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. ஆளுக்கு ஆறு முறை என்றால் 2,442 மதிப்பெண் வந்திருக்க வேண்டும். கையில் வந்தது 1,758. அவ்வளவையும் பயன்படுத்த முடிந்தது.

18 ஜூன், காலை

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன், அதுவும் பலமாக. 'நீக்க வேண்டாம், மாடல் பார்த்துக்கொள்ளும்' என்ற தொனி வந்துவிட்டது. விட்டுப்போனதற்கான காரணம் நம் கையில் இருக்கும் மதிப்பெண்களிலேயே தெரிந்தால்தான் மாடல் பார்த்துக்கொள்ளும். முன்பு 30 வாங்கிய பிள்ளை அடுத்த தேர்வுக்கு வரவில்லை என்றால், அந்த 30 கையில் இருக்கிறது, சமாளிக்கலாம். ஆனால் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஒன்பதாவது பாதியில் வீட்டில் ஏதோ நடந்து, படிப்பு சரியத் தொடங்கி, அந்தச் சரிவு எந்தத் தேர்விலும் பதிவாகும் முன்பே நின்றுவிட்டால்? மாடல் அவளுடைய பழைய கோட்டை அப்படியே மேலே நீட்டிக்கொண்டு போகும். தாளில் அவள் நன்றாகப் படித்துக்கொண்டிருப்பாள்.

இதற்குச் சூத்திரம் இல்லை. வகுப்பாசிரியரைக் கேட்க வேண்டும்.

20 ஜூன், இரவு 11:15

மூன்று தேர்வு தரவு போட்டுப் பார்த்த ஒருவர் எழுதியிருக்கிறார்: 'தொடக்கத்தில் பின்தங்கிய பிள்ளைகள்தான் வேகமாக வளர்கிறார்கள், தொடர்பு மைனஸ் 0.6. இடைவெளி குறைகிறது. நல்ல செய்தி.'

நல்ல செய்திதான், உண்மையாக இருந்தால். நானும் ஒரு காலத்தில் இதே செய்தியைப் பரப்பியிருக்கிறேன். மூன்று விஷயம் பார்க்கச் சொல்கிறேன்.

கூரை: 100க்கு 96 வாங்கியவள் எங்கே வளர்வாள்? 4 மார்க் இடம்தான் இருக்கிறது. 40 வாங்கியவனுக்கு 60 மார்க் இடம். தலை கூரையில் முட்டுகிறவளைப் பார்த்து 'உயரம் நின்றுவிட்டது' என்று சொல்லக் கூடாது.

பூஜ்ஜியம்: காலத்தை எங்கிருந்து எண்ணுகிறீர்கள்? ஜூனைப் பூஜ்ஜியம் என்று வைத்தால் 'தொடக்கம்' ஜூன் மதிப்பெண். ஏப்ரலைப் பூஜ்ஜியம் என்று வைத்து அதே தரவை ஓட்டுங்கள். அந்த மைனஸ் பிளஸ்ஸாகவே மாறலாம். கோடுகள் அதேதான். எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம் என்பதுதான் மாறியது. ஆகவே 'தொடக்கத்துக்கும் வளர்ச்சிக்கும் தொடர்பு இத்தனை' என்று எழுதும்போது எந்த மாதத் தொடக்கம் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

டேப், மறுபடி டேப்: மேலே சொன்ன 407 பிள்ளைகள் கதையில், 5 வயதுக்கும் 11 வயதுக்கும் ஒரே வாசிப்புத் தேர்வு வைக்க முடியாதல்லவா. வெவ்வேறு தேர்வு வைத்துவிட்டு, ஒவ்வொரு வயதிலும் சராசரி மதிப்பெண் சராசரி வயதுக்குச் சமமாக வரும்படியும், வயது கூடக்கூடச் சிதறலும் கூடும்படியும் மாற்றி அமைத்தார்கள். அதற்கு அவர்களிடம் நியாயம் இருந்தது. ஆனால் அந்தத் தரவில் 'வயது ஏற ஏற இடைவெளி விரிகிறது' என்று யாராவது கண்டுபிடித்தால், அது அவர்களே உள்ளே வைத்துத் தைத்தது. பைக்குள் வைத்த முயலை எடுத்துக் காட்டுகிற வேலை. ஒவ்வொரு தேர்வையும் சராசரி 0, சிதறல் 1 என்று மாற்றிவிட்டு 'இடைவெளி விரியவில்லை' என்பதும் அதே வேலைதான், நம்மூரில் அதிகம் நடப்பது.

20 ஜூன், இரவு 11:40

இதையொட்டி, தூங்கும் முன் ஒரு மெஸ் கதை. 1967இல் ஃபிரெடரிக் லார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் போட்ட புதிர். ஒரு பல்கலைக்கழக மெஸ் சாப்பாடு மாணவ மாணவியர் எடையை எப்படி மாற்றுகிறது? செப்டம்பரில் எடை, ஜூனில் எடை. ஒரு புள்ளியியலாளர் கழித்துப் பார்க்கிறார்: ஆண்கள் சராசரியும் மாறவில்லை, பெண்கள் சராசரியும் மாறவில்லை, மெஸ்ஸால் ஒன்றும் ஆகவில்லை. இன்னொருவர் செப்டம்பர் எடையைச் சமமாக்கிக்கொண்டு ஒப்பிடுகிறார்: அதே தொடக்க எடை உள்ளவர்களில் ஆண்கள் அதிகம் ஏறியிருக்கிறார்கள்! இரண்டு பேர் கணக்கும் சரி. கேள்விதான் வேறு வேறு. 'போன வருஷ மார்க்கைக் கழிக்கவா, மாடலில் சேர்க்கவா' என்று கேட்டவருக்கு இதுதான் பதில். பதில் மாதிரி இல்லை என்றால் மன்னிக்கவும். எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் எல்லோருக்கும் எடை குறைந்தது, அதில் புதிர் எதுவும் இல்லை.

22 ஜூன், மாலை

அடுக்கு உடைகிற இடம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

பிள்ளைகள் பள்ளிக்குள் என்றேன். எந்தப் பள்ளி? ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாவது வரை. அங்கிருந்து ஆறாவதுக்குச் சிலர் பக்கத்து நடுநிலைப் பள்ளி, சிலர் உங்கள் உயர்நிலைப் பள்ளி, சிலர் வேன் ஏறி மெட்ரிக். உங்கள் ஆறாம் வகுப்பில் நாலைந்து தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். ஒரே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் மூன்று உயர்நிலைப் பள்ளிகளில். இங்கே பானைக்குள் பானை இல்லை. ஓலைப் பாய் முடைவதுபோலக் குறுக்கும் நெடுக்கும்.

குறுக்கு அடுக்கு மாடல் என்று இதற்கே உண்டு. பள்ளி மாறிய பிள்ளைக்குப் 'பாதி இந்தப் பள்ளி, பாதி அந்தப் பள்ளி' என்று பங்கு போட்டுக் கொடுக்கும் வகையும் உண்டு. கவலைப்பட ஏன்? ஆறாம் வகுப்பில் கழித்தல் தெரியாமல் வருகிற பிள்ளையின் கணக்கை உங்கள் பெயரில் எழுதுகிறார்கள். உங்களிடமிருந்து பிளஸ் ஒன்றுக்குப் போகிறவர்களின் பெருமை மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறது. தொடக்கப் பள்ளி டீச்சருக்குச் சால்வை போட்டு நான் பார்த்ததே இல்லை.

25 ஜூன், இரவு

'தமிழ்நாட்டில் யாராவது இதைச் சரியாகச் செய்திருக்கிறார்களா?' என்று கேட்டீர்கள்.

அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற பொருளியலாளர்கள் மூவரும் கிராமப்புறத் தமிழ்நாட்டில் செய்தது இருக்கிறது. சுமார் 19,000 பிள்ளைகள். இந்த இழையில் நான் புலம்பிய ஒவ்வொன்றுக்கும் அவர்கள் கொடுத்த விலையைக் கவனியுங்கள். பள்ளியில் வைத்துச் சோதிக்கவில்லை, வீட்டுக்குப் போய்ச் சோதித்தார்கள்; ஆகவே பள்ளிக்கு வராதவளும் கணக்கில் இருக்கிறாள். வெவ்வேறு சமயத்துத் தேர்வுகளிலும் பொதுவான கேள்விகளை வைத்து ஒரே அளவுகோலில் கட்டினார்கள்; டேப் இழுபடவில்லை. 2021 டிசம்பரில் சோதித்த பிள்ளைகளை, 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள்.

கிடைத்தது: கணக்கில் பின்னடைவு சுமார் 0.7 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவுதான் திட்டவிலக்கம்), மொழியில் சுமார் 0.34. கணக்கு டீச்சருக்கு அந்த 0.7 எவ்வளவு பெரிய பள்ளம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பள்ளி திறந்த முதல் 6 மாதத்திலேயே பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியின் பங்கு. இழப்பு ஏழைப் பிள்ளைகளுக்கு அதிகம், மீட்சியும் அவர்களுக்கே அதிகம்.

இதே 2019 முதல் 2022 வரையான காலத்தைத் தேர்ச்சிச் சதவீதம் எப்படிக் காட்டியது? இரண்டு வருஷம் நூறு, பிறகு 90.07. வீழ்ந்ததும் எழுந்ததும் அதில் எங்கேயும் இல்லை. பள்ளி திறந்ததும் சரிந்துவிட்டதாகத்தான் கோடு சொல்லும்.

28 ஜூன், காலை

டீச்சருக்கு நான் பட்ட பாக்கி ஒன்று: 'சின்னப் பள்ளியை மாடல் என்ன செய்யும்?'

நடுவை நோக்கி இழுக்கும். எங்கம்மா சொல்வார், முதல் தோசை பிய்ந்ததற்கு மாவைத் திட்டாதே, கல் இன்னும் காயவில்லை. மாடலும் அப்படித்தான். லண்டன் தரவில் ஒரு பள்ளியில் 2 பேர், இன்னொன்றில் 198 பேர். 198 பேர் பள்ளி காட்டும் வித்தியாசத்தில் 97 சதவீதத்தை மாடல் நம்புகிறது. 2 பேர் பள்ளி காட்டுவதில் 25 சதவீதத்தை மட்டும் நம்பி, மிச்சத்துக்கு 'எல்லாப் பள்ளியும் போலத்தான் இருக்கும்' என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் அளவுக்கு, 22 பேருக்கு, 78.

இந்த முறையைக் கட்டி எழுப்பியவர்களில் முதன்மையானவர் ஹார்வி கோல்ட்ஸ்டைன், லண்டனிலும் பிறகு பிரிஸ்டலிலும் இருந்தவர், 2020 ஏப்ரலில் கொரோனாவில் போய்விட்டார். பள்ளிகளை மாடல் போட்டு அளக்கக் கற்றுக்கொடுத்தவரே பள்ளிகளை வரிசைப்படுத்திப் பட்டியல் போடுவதைக் கடைசிவரை எதிர்த்தார். 1996இல் புள்ளியியலாளர் டேவிட் ஸ்பீகல்ஹால்டரோடு சேர்ந்து எழுதியதில் அவர் காட்டியது, பிழை வரம்பையும் சேர்த்து வரைந்தால் பெரும்பாலான பள்ளிகளைப் பிரித்தே பார்க்க முடியாது என்பதை. 2009இல் ஜார்ஜ் லெக்கியோடு இன்னொன்று: பட்டியலைப் பார்த்துப் பெற்றோர் பள்ளி தேடுகிறார்கள், ஆனால் அந்தப் பிள்ளை தேர்வு எழுத இன்னும் ஆறேழு வருஷம் ஆகும், அதற்குள் எது எங்கே இருக்கும் என்று இந்தப் பட்டியலால் சொல்ல முடியாது. நாம் 2017இல் பொதுத்தேர்வு ரேங்க் அறிவிப்பை நிறுத்தினோம். அது மாணவருக்கு. பள்ளிக்கு இன்னும் ஹால் இருக்கிறது, மைக் இருக்கிறது.

28 ஜூன், மதியம்

அந்த 78ஐ உங்கள் நோட்டில் எழுதிவிட வேண்டாம். அது லண்டன் சிதறலை வைத்துப் போட்டது, அதுவும் மதிப்பெண்ணுக்கு. உங்களுடையது பாஸ், ஃபெயில். பாஸ் ஃபெயிலில் ஒரு பிள்ளை தரும் செய்தி மிகக் குறைவு. 34க்கும் 36க்கும் நடுவே உலகம், 36க்கும் 99க்கும் நடுவே ஒன்றுமில்லை. உங்கள் பள்ளிக்கு நம்பிக்கை இன்னும் கீழேதான் இருக்கும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. இழுப்பது நியாயமா? உண்மையிலேயே அற்புதமாக நடக்கிற 20 பேர் பள்ளியை மாடல் 'சுமார்' என்று காட்டிவிடும். சராசரியாகத் தப்பு குறையும், ஆனால் அந்த ஒரு பள்ளிக்கு அநியாயம்தான். முன்பெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்வேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. 84 வந்த வருஷம் உங்களை நிற்க வைத்திருக்காது; 95 வந்த வருஷம் சால்வையும் போட்டிருக்காது. எது தேவலை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

3 ஜூலை, இரவு

டீச்சர் பதில்: 'சால்வை வேண்டாம், நிற்கவும் வேண்டாம்.'

7 ஜூலை, காலை

டீச்சர், நீங்கள் அனுப்பிய கோப்பு வந்து சேர்ந்தது. ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரை ஒவ்வொரு முறையும் அதே 20 கணக்குகளோடு நீங்களே வைத்த அடிப்படைத் தேர்வு, வருஷம் இரண்டு முறை, மூன்று பேட்ச். இதை நோட்டில் எழுதி வைத்திருப்பதாகச் சொல்லவே இல்லையே! பத்தாம் வகுப்பு ரிசல்ட்டைவிட இது பத்து மடங்கு பெறும். பள்ளிகளை ஒப்பிட முடியாது, ஆனால் உங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு கோடு போட இது போதும். பேட்ச் மூன்றுதான் என்பதால் அதை ஓர் அடுக்காக வைக்க மாட்டேன், மூன்றையும் தனித்தனி வண்ணத்தில் வரைகிறேன்.

இரண்டு சந்தேகம். மூன்றாம் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு 17க்குப் பிறகு 9, அடுத்து 18. அந்த 9 உண்மையா, 19ஐ அவசரத்தில் எழுதியதா? அப்புறம், பிறந்த தேதிக் கலத்தை எக்செல் மாதம் நாள் மாற்றிப் போட்டிருக்கிறது. அட்மிஷன் எண் இருந்தால் அனுப்புங்கள். வரிசை எண் வேண்டாம்.